நல்லாப் போகுதுங்க

இன்றைக்கு எப்படியும் பேங்கிலிருந்து ஆள் வந்துவிடும் என்று சம்பத் சொல்லியிருந்தான். எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லவில்லை. அதனால் ரேணுகாதேவி விடிந்ததும் தலைக்குக் குளித்து, பகட்டாகவும் இல்லாமல் பஞ்சமாகவும் இல்லாமல் ஒரு காட்டன் புடவையைத் தேடிக் கட்டிக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்து, முயலுக்கு ஒரு காதை வைக்காமல் விட்டிருந்தாள். குழந்தைகள் பனியனில் நெஞ்சுப் பக்கம் வரப்போகிற முயல் அது. கம்பெனியிலிருந்து வெறும் படமாகத்தான் அனுப்புவார்கள். எங்கே ஊசி இறங்க வேண்டும், நூல் எந்தப் பக்கம் சாய்ந்து ஓட வேண்டும், எந்த இடத்தில் நிறம் மாற வேண்டும் என்று எம்பிராய்டரி மெஷினுக்குப் புரிகிற மாதிரி அதைத் தையலாக மாற்றிக் கொடுப்பது இவள் வேலை. திருப்பூரில் இவளுக்கு வேலை கொடுக்கிற கம்பெனிகள் நிறைய, எந்தக் கம்பெனியிலும் இவள் கிடையாது. அந்தக் காதை வைத்து முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். ஆனால் முடித்து அனுப்பிவிட்டால் வருகிறவர் எதைப் பார்ப்பார்? வேலை நடந்துகொண்டிருப்பது கண்ணால் பார்த்தால் தெரிய வேண்டும் என்பது சம்பத்தின் கட்டளை. வீட்டுக் கடன் வாங்கித் தருகிற ஏஜென்ட் அவன். கல்யாணத் தரகர் பெண்ணை எப்படி உட்கார வைப்பது என்று சொல்லிக்கொடுப்பதைப்போல எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தான். கம்பெனியிலிருந்து ஒரு பையன் அதற்குள் இரண்டு தடவை போன் பண்ணிவிட்டான். "ஏனுங்கக்கா, முயல் என்னாச்சுங்க?" "காது ஒண்ணு பாக்கி இருக்குதுங்க தம்பி." "காதுக்கு எதுக்குங்கக்கா இவ்வளவு நேரம்?" போனை வைத்துவிட்டாள். ஒற்றைக் காதோடு முயல் திரையில் இவளையே பார்த்தது. அதுவும் யாருக்கோ காத்திருக்கிற மாதிரிதான் இருந்தது.

நல்லாப் போகுதுங்க. இதுதான் சொல்ல வேண்டியது, இவ்வளவுதான், இரண்டு சொல். நல்லாப் போகுதுங்க, வேலைக்குக் குறைவே இல்லீங்க, வருசா வருசம் கூடிக்கிட்டுத்தான் இருக்குதுங்க. பல் தேய்க்கும்போது ஒரு தடவை, சோறு வடிக்கும்போது ஒரு தடவை, மகன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிப் போன பிறகு கண்ணாடி முன்னால் நின்று வாய்விட்டு ஒரு தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. கண்ணாடி முன்னால் சொன்னபோது குரல் கம்மிப்போய்விட்டது. சம்பத் இதை விளையாட்டாகச் சொல்லவில்லை. "அக்கா, வந்தவரு தொழில் எப்படின்னு கேப்பாரு. அப்ப பரவால்லீங்கன்னு கூடச் சொல்லிறாதீங்க. நம்மூர்ல பேப்பரெல்லாம் சரியா இருக்கும், சொந்தமாத் தொழில் பண்றவங்க அத்தன பேரும் இந்த ஒரு எடத்துலதான் கோட்ட விடுறாங்க." அன்றைக்கு அவளுக்குச் சிரிப்பு வந்தது. இப்போது வரவில்லை. மெயின் ரோட்டில் ஒரு பைக் வேகம் குறைகிற சத்தம் கேட்டது, எழுந்து நின்றாள், பைக் அடுத்த சந்துக்குள் திரும்பிப் போய்விட்டது. ஆடிக் காற்று வேறு. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து கிளம்பி வருகிற காற்றுக்கு இந்த வீட்டின் மாடிதான் முதலில் கண்ணில் படும்போல. கதவைச் சாத்தினால் அறைகிறது, திறந்து வைத்தால் தாள்களையெல்லாம் வாரிக்கொண்டு போகிறது. வாசலில் நேற்றுக் கட்டின பிளக்ஸ் போர்டு படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்ரீ ரேணு எம்பிராய்டரி டிசைன்ஸ். அந்தப் பெயரே போன வாரம் வைத்ததுதான். தொழில் நடக்கிற இடத்தில் போர்டு இருக்க வேண்டுமாம். இத்தனை வருஷமாகப் போர்டு இல்லாமல் நடந்த தொழில் தொழில் இல்லையாம். போர்டை மாட்டியபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. தெருவில் போகிறவர்கள் படிப்பார்களே. கரண்ட் ஆபீஸ்காரன் பார்த்தால் வீட்டு மீட்டரைக் கடை மீட்டராக மாற்றிவிடுவானே. அதனால் நேற்றைக்கு மாட்டி, இருட்டியதும் கழற்றி, இன்றைக்குக் காலையில் மறுபடி மாட்டி, அதுவும் தெருவுக்குத் தெரியாமல் மாடிப்படி திரும்புகிற பக்கமாகப் பார்த்து மாட்டியிருந்தாள். வருகிறவருக்கு மட்டும் தெரிய வேண்டும், வேறு யாருக்கும் தெரியக்கூடாது. அப்படி ஒரு போர்டு உலகத்தில் உண்டா என்று நினைத்ததும் அவளுக்கே சீ என்று ஆகிவிட்டது.

யாருக்கும் தெரியக்கூடாது என்பது நேற்று வந்த பழக்கம் இல்லை. கீழ் வீட்டுச் சரசக்காவிடம் எத்தனை தடவை சொல்லி வைத்திருப்பாள். சரசக்கா கேட்டுக்கு உள்பக்கம் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்து, கம்பெனி மூட்டையிலிருந்து பனியனை ஒவ்வொன்றாக எடுத்துப் பிசிறு வெட்டிப் போடுகிறவள். வீட்டுக்குள் யார் வந்தாலும் அவளைத் தாண்டித்தான் வர வேண்டும். "அக்கா, யாராச்சும் வந்து கேட்டா, மாடில அவ சும்மாதான் இருக்கறா, ஒரு வேலையும் இல்லைன்னு சொல்லிருங்கக்கா." "அட அத நீ சொல்லோணுமா கண்ணு?" கரண்ட் ஆபீஸ்காரர்களிடம் சரசக்கா அப்படியே சொன்னாள். ரேணுகாவின் கணவன் கனகராஜின் பழைய கடன்காரர்களிடம் சொன்னாள். வாடகையை ஏற்றலாமா என்று நோட்டம் பார்க்க வந்த வீட்டுக்காரரின் மூத்த மகனிடமே, "அதுங்களே பாவம், அந்தப் புள்ள சும்மா கம்ப்யூட்டர்ல பொம்ம பாத்துக்கிட்டு உக்காந்திருக்குது" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். ரேணுகா அன்றைக்கு அவளுக்கு ஒரு கிண்ணம் பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தாள். இப்போது அந்த ஞாபகம் வந்தது. சரசக்காவிடம் இன்றைக்கு மட்டும் மாற்றிச் சொல்லச் சொல்லியிருக்க வேண்டுமோ? நேற்றே நினைத்தாள். சொன்னால் எதற்கு என்று கேட்பாள், வீடு வாங்குவதைச் சொல்ல வேண்டி வரும், சொன்னால் சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரியும், கைக்கு வராத வீட்டுக்குக் கண் பட்டுவிடும். பத்திரம் கைக்கு வரட்டும், முதல் ஆளாக உங்களுக்குத்தான் சொல்லுவேன் அக்கா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். வருகிறவர் நேராக மாடிக்குத்தானே வருவார், கீழே என்ன பேச்சு.

வீடு ஒன்றும் மாளிகை இல்லை. கீழே ஒரு குடித்தனம், மேலே ஒரு குடித்தனம், மழைக்காலத்தில் சமையல்கட்டுச் சுவர் வேர்க்கும். ஆனால் கனகராஜின் தையல் யூனிட் படுத்துப்போய், மெஷின்களையெல்லாம் டெம்போவில் ஏற்றிவிட்டு, எங்கே போவது என்று நின்றபோது கதவைத் திறந்துவிட்ட வீடு. மகன் தவழ்ந்தது, நடந்தது, சுவரில் கிறுக்கியது எல்லாம் இங்கேதான். வீட்டுக்காரர் இறந்துபோனதும் மகன்கள் இரண்டு பேரும் விற்றுப் பிரித்துக்கொள்ள முடிவு பண்ணிவிட்டார்கள். "இத்தன வருசம் இருந்துட்டீங்க, உங்களுக்குத்தான் மொதல்ல கேக்கறோம், ஆவணி பொறந்தா வேற பார்ட்டிக்குக் குடுத்துருவோம்" என்றார்கள். அந்த வேறு பார்ட்டிக்கு வீடு வேண்டாம், இடித்துவிட்டு குடோன் கட்டுவார்களாம். ஆடியில் யாரும் பத்திரம் போடமாட்டார்கள் என்பதால் கிடைத்த அவகாசம் இது. மற்றவர்களுக்கெல்லாம் ஆடி எப்போது முடியும் என்று இருக்கிறது. இவள் மட்டும்தான் இந்த ஊரிலேயே ஆடி போகவேண்டாம் என்று காற்றைப் பார்த்து வேண்டிக்கொள்கிறவள். கையிலிருந்ததையெல்லாம் முன்பணமாகக் கொடுத்தாயிற்று, கடன் வராவிட்டால் அதுவும் போகும், வீடும் போகும். அந்த முன்பணம் எத்தனை பூவும் பூனையும் வாத்தும் கரடியும் என்று நினைத்தால் தலை சுற்றும். முதலில் போன பேங்கில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா, ரொம்ப மரியாதையாகத்தான், "சம்பளச் சீட்டு இருக்குங்களா?" என்று கேட்டாள். இல்லீங்க. "கடை, கம்பெனி, ஏதாச்சும்?" வீட்லயேதானுங்க. "அப்ப நிரந்தர வருமானம்னு ஒண்ணு இல்ல." இல்லை என்று அந்த அம்மா சொன்ன விதம்தான் இன்னும் காதில் நிற்கிறது. இந்தத் தெருவில் கம்பெனி சம்பளக்காரர்கள் எத்தனை பேரைத் திங்கட்கிழமை காலையில் வரவேண்டாம் என்று அனுப்பியிருக்கிறார்கள், இவள் பிரசவத்துக்கு முந்தின நாள்கூட ஒரு மயில் முடித்துக் கொடுத்தவள். அதற்கு எந்தச் சீட்டு? அதோடு அந்தப் பாழாய்ப்போன ஆடிட்டர், வருமானத்தைக் குறைத்துக் காட்டுங்க, எதுக்கு வீண் வரி என்று வருஷா வருஷம் குறைத்தே எழுதிக் கொடுத்தவர், கடைசி இரண்டு வருஷம்தான் உள்ளது உள்ளபடி. பேங்குக்கு மூன்று வருஷம் வேண்டும். சம்பத் எங்கேயோ யாரிடமோ பேசி, இந்த இரண்டாவது பேங்கில், நேரில் வந்து பார்க்கிறவர் நல்ல ரிப்போர்ட் கொடுத்தால் அதைச் சரிக்கட்டிவிடலாம் என்று சம்மதம் வாங்கி வந்திருக்கிறான். இதுதான் கடைசி வாசல். இதுக்கப்புறம் எனக்கு வழி தெரியாதுங்கக்கா என்று அவனே சொல்லிவிட்டான்.

போன் அடித்தது. கனகராஜ். அவனைக் காலையிலேயே பேக்கரிக்கு அனுப்பியிருந்தாள். யூனிட் முறிந்ததில் அவன் பேரில் எந்தப் பேங்கும் பத்து பைசா தராது. வருகிறவர் வீட்டில் ஆம்பளையைப் பார்த்தால் அவன் என்ன வேலை செய்கிறான் என்று ஆரம்பிப்பார், பழசெல்லாம் கிளறும், ஆள் இல்லாமல் இருப்பதே நல்லது என்றது சம்பத். அதைக் கனகராஜிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தவித்தாள். அவனே, "நான் வேணா பேக்கரில போயி உக்காந்துக்கறேன் புள்ள" என்றான். சொந்த வீடு வாங்குகிற அன்றைக்கு வீட்டை விட்டு வெளியே போய் உட்கார்ந்திருக்கிற ஆண்பிள்ளை. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு போன முதுகைப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது. "வந்துட்டாங்களா?" "இல்லீங்க மாமா." "ரெண்டு டீ குடிச்சிட்டேன். மூணாவது குடிச்சா கடைக்காரன் பேசுவான்." "இன்னும் செத்த நேரம் இருங்க மாமா." "சொல்லிருவயில்ல? நல்லாப் போகுதுன்னு?" "சொல்லிருவனுங்க." அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் அவளுக்கு அவிநாசிக் கல்யாண மண்டபம்தான் நினைவுக்கு வந்தது, எப்போதும் அங்கேயேதான் போய் முட்டும், வேறு எங்கே சுற்றினாலும். பந்தி முடிந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம். மாமன் முறையாகிற ஒருவர், எல்லாரையும் கேட்கிற மாதிரிதான் இவனையும் கேட்டார், "மாப்ள, தொழிலெல்லாம் எப்படி?" யாராக இருந்தாலும் என்னமோ போகுதுங்க என்பார்கள். கோடி ரூபாய்க்காரனும் அப்படித்தான் சொல்லுவான், கடனில் முழுகினவனும் அப்படித்தான் சொல்லுவான். கனகராஜ் புதுச் சட்டையைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "நல்லாப் போகுதுங்க மாமா, மூணு ஷிப்ட் ஓடுது" என்றான். சுற்றி நின்ற நாலைந்து தலைகள் திரும்பின. அந்தத் தலைகள் திரும்பிய நேரம் அவளுக்கு அடிவயிற்றில் விழுந்த குளிர் இன்னும் அங்கேயே இருக்கிறது. அடுத்த ஆடிக்குள் வெளிநாட்டுக்காரன் சரக்கைத் திருப்பி அனுப்பினான், யூனிட் போயிற்று. ஒரு வார்த்தையால் யூனிட் போகுமா? போகாது. சரக்கில் சாயம் ஒட்டாமல் போனது, அதுதான் காரணம், அவளுக்குத் தெரியாதா? புத்திக்குத் தெரியும். வயிற்றுக்குத் தெரியவில்லை. அன்றையிலிருந்து அவள் வாயில் நல்லா என்கிற சொல் தொழிலோடு சேர்ந்து வந்ததே கிடையாது. கல்யாணத்தில் கேட்டாலும், காய்கறிக்காரி கேட்டாலும், கூடப்பிறந்தவள் கேட்டாலும், தலையை லேசாகச் சாய்த்து, பாதிச் சிரிப்போடு ஒரே பதில், என்னமோ போகுதுங்க. சாமிக்குத் தீபம் காட்டுகிற மாதிரி தினம் தினம் காட்டிக் காட்டி அந்தச் சொல்தான் இந்த முயலையும் மயிலையும் காப்பாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தாள். இன்றைக்கு ஒரே ஒரு தடவை அதை விட்டுவிட வேண்டும். ஒரே ஒரு ஆளிடம். சாமி, இது பெருமைக்குச் சொல்றதில்ல, பேங்குக்குச் சொல்றது, கணக்குல வெச்சுக்காதே.

கீழே கேட் கிறீச்சிட்டது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள். தோளில் பையும் கையில் ஹெல்மெட்டுமாக, நரை ஓடிய மீசையோடு ஒருவர் சரசக்காவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். காற்று பேச்சைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுத்தது. "ரேணுகாதேவின்னு... இங்க தொழில்..." சரசக்கா கத்தரிக்கோலைக் கீழே வைக்கவில்லை. "தொழிலா? எந்தத் தொழிலு? அந்தப் புள்ள வீட்ல சும்மாதானுங்க இருக்குது. பாவம், ஒண்ணும் கெடையாதுங்க. ஊட்டுக்காரருக்கும் ஒண்ணும் கெடையாதுங்க." எவ்வளவு அழுத்தம், எவ்வளவு அன்பு. ரேணுகா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அக்கா அக்கா என்று கூப்பிட்டாள், காற்று அதைப் பின்பக்கமாகக் கொண்டுபோய் மொட்டை மாடியில் போட்டது. சரசக்கா மேலே பார்த்து, நான் பாத்துக்கறேன் நீ உள்ள போ என்பதுபோலக் கண்ணைக் காட்டினாள். படியில் பாதி தூரம் ஓடி இறங்கி, "வாங்க, வாங்க, நாந்தானுங்க" என்று அவரை மேலே கூட்டி வருவதற்குள் ரேணுகாவுக்கு மூச்சு வாங்கியது.

அவர் நல்ல மனிதராகத்தான் இருந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார். ராமநாதபுரம் பக்கமாம், பிள்ளைகள் அங்கே, வேலை இங்கே. "கீழ இருக்க அம்மா என்னமோ ஒண்ணுமே இல்லைனு சொன்னாங்களே" என்றார். ரேணுகா அப்படிச் சொல்லச் சொன்னதே தான்தான் என்று எல்லாவற்றையும் சொன்னாள், கரண்ட் மீட்டரைச் சொன்னாள், கண் படுவதைக்கூடச் சொன்னாள். அவர் சிரித்தார். "எங்க ஊர்லயும் இதே கதைதாம்மா" என்றார். ஒற்றைக் காது முயலைக் காட்டினாள். அவர் முன்னாலேயே இரண்டாவது காதை வைத்தாள், தையல் வரிவரியாக நிறைந்து வருவதைப் பார்த்து, "அட" என்றார். கம்பெனிகள் அனுப்பிய மெசேஜ்களைக் காட்டினாள், பணம் வந்து விழுந்த வரிகளைக் காட்டினாள். எத்தனை வருஷம், எத்தனை கம்பெனி, மாசம் எவ்வளவு, அத்தனைக்கும் தொண்டை அடைக்காமல் பதில் வந்தது. அவர் போனில் ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் பதிந்துகொண்டார், அவளையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்தார், வெளியே போய்ப் படபடக்கிற போர்டைக் கையால் பிடித்துக்கொண்டு ஒன்று எடுத்தார். "சரிம்மா, எல்லாம் சரியா இருக்கு" என்றார். சம்பத் சொன்ன கேள்வியை அவர் கேட்கவே இல்லை. இத்தனை பயந்தது இதுக்குத்தானா என்று அவளுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது, கண்ணோரம் ஈரமாகிவிட்டது, சமையல்கட்டுச் சுவரைக்கூட ஒரு தடவை பாசமாகத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். வழியனுப்ப வாசல் வரை வந்தாள். அவர் ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டு, கல்யாண வீட்டில் கை கழுவிவிட்டு வருகிறவர் கேட்கிற மாதிரி, சாதாரணமாகக் கேட்டார். "அப்புறம், தொழிலெல்லாம் எப்படிம்மா போகுது?"

"என்னமோ போகுதுங்க" என்றாள் ரேணுகாதேவி. தலை தானாகச் சாய்ந்தது, பாதிச் சிரிப்பும் வந்தது.

அவர் இன்னொரு ஷூவைக் கையில் வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார். அதைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தார். "கடைசில ஒண்ணு பாக்கி இருந்துச்சும்மா, தொழில் நெலவரம்னு. நான் நல்லாருக்குன்னு போட இருந்தேன்." ரேணுகா, "ஐயோ, அது சும்மா பேச்சுக்குச் சொன்னதுங்க" என்றாள். "புரியுதும்மா. ஆனா போன வருசம் ஒருத்தருக்கு இப்படித்தான் நானா நல்லாருக்குன்னு போட்டு, அவரு கட்டாமப் போயி, எனக்கு மெமோ குடுத்துட்டாங்க. இப்ப யார் என்ன சொல்றாங்களோ அதத்தான் போடுறது. கீழ அந்த அம்மாவும் அதத்தான சொன்னாங்க." குரலில் கடுமையே இல்லை, இரக்கம்தான் இருந்தது, அதுதான் அவளைக் கொன்றது. சொல்லுடி, இப்போது சொல்லு, இரண்டு சொல், காலையிலிருந்து சொன்னாயே, கண்ணாடியிடம் சொன்னாயே. வாயைத் திறந்தாள். மண்டபத்தில் நாலைந்து தலைகள் திரும்பின. அடிவயிற்றுக் குளிர் ஏறி வந்து தொண்டையில் உட்கார்ந்துகொண்டது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டுதான் நின்றார், அவளுக்காகவே நின்றார் என்றுதான் தோன்றியது. பிறகு விரலால் தொட்டார், போனிலிருந்து ரிப்போர்ட் போய்ச் சேர்ந்த சத்தம் கேட்டது. "கவலப்படாதீங்கம்மா, எல்லாருக்கும் இப்ப இப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். கேட்டில் சரசக்கா அவருக்காகச் சாக்கை ஒதுக்கி வழி விட்டாள்.

காற்று ஒரு அறை அறைந்ததில் போர்டின் ஒரு பக்கக் கயிறு அறுந்து தொங்கியது. அவள் அதை எடுத்துக் கட்டவில்லை. உள்ளே கம்ப்யூட்டரில் முயல் இரண்டு காதோடு இருந்தது, அதை இனிமேல் அனுப்பிவிடலாம். போன் அடித்தது, பேக்கரியிலிருந்து அவன்தான். எடுக்காமல் விடலாம் என்று நினைத்தாள், எடுத்தாள்.

"பைக்கு போனதப் பாத்தேன் புள்ள. எப்படிப் போச்சு?"

"நல்லாப் போச்சுங்க மாமா" என்றாள். எந்தத் தடையும் இல்லாமல் வந்தது. "நீங்க வீட்டுக்கு வாங்க."